முன்னோட்ட அட்டையின் சுமை யார் தலையில்?

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியின் இணைப்பை ஒட்டினால், அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே அதன் தலைப்பும், ஒரு படமும், இரண்டு வரிச் சுருக்கமும் அட்டையாக வந்து உட்கார்ந்துவிடுகின்றன. நீளமான முகவரியை யாரும் படிப்பதில்லை. அட்டையைப் பார்த்துத்தான் திறப்பதா, கடந்துபோவதா என்று முடிவுசெய்கிறோம். 2010-இல் ஃபேஸ்புக் ‘ஓப்பன் கிராஃப்’ என்ற குறியீட்டு முறையைக் கொண்டுவந்தது. அதிலிருந்து இணையதளங்கள் தங்கள் பக்கங்களின் தலைப்பகுதியில் இந்த விவரங்களை எழுதிவைக்கத் தொடங்கின. பெரிய செய்தி நிறுவனம் முதல் சமையல் குறிப்புத் தளம் வரை இன்று எல்லோரும் இதைச் செய்கிறார்கள்; அட்டை நன்றாக வந்தால்தான் வாசகர் வருவார் என்பது அவர்கள் அனுபவம்.

ஆனால், அட்டை தானாக வந்துவிடுவதில்லை. யாராவது ஒருவர் அந்தத் தளத்துக்குப் போய், பக்கத்தை எடுத்து, படத்தை இறக்கி, அட்டையைச் செய்தாக வேண்டும். வாட்ஸ்அப்பில் அந்த வேலையை அனுப்புபவரின் கைபேசியே பார்த்துக்கொள்கிறது. 500 பேர் உள்ள குழுவில் பகிர்ந்தாலும், அட்டைக்காகத் தளத்தை நாடிப் போவது அந்த ஒரு கைபேசிதான். ஃபேஸ்புக்கும் எக்ஸும் தங்கள் சர்வரிலிருந்து எடுத்துச் சேமித்துவைத்து, கோடிக்கணக்கானோருக்கும் அந்தப் பிரதியையே காட்டுகின்றன. மாஸ்டடான் போன்ற கூட்டமைப்பு சமூக வலைத்தளங்களில் நிலைமை வேறு. அங்கே ஒரே அட்டையை ஆயிரம் சர்வர்கள் ஆயிரம் முறை தனித்தனியாகச் செய்கின்றன. அந்த ஆயிரம் முறைக்கும் விலை கொடுப்பவர், பகிரப்பட்ட தளத்தின் உரிமையாளர்.

ஜெர்மனியைச் சேர்ந்த ஆய்கன் ரோச்கோ 2016-இல் வெளியிட்ட மாஸ்டடான், ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இயங்கும் வலைத்தளம் அல்ல. அதன் மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துத் தங்கள் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். பல்கலைக்கழகம் நடத்தலாம், நண்பர் வட்டம் நடத்தலாம், தனி ஆள் தனக்காக மட்டுமே நடத்திக்கொள்ளலாம். இப்படி இயங்கும் ஆயிரக்கணக்கான சர்வர்கள், இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018-இல் தரமாக ஏற்றுக்கொண்ட ‘ஆக்டிவிட்டிபப்’ என்ற நெறிமுறையின் வழியாக ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. 2019-இல் உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது, இந்தியர்கள் பலர் எதிர்ப்பைக் காட்டும் விதமாக மாஸ்டடானில் கணக்குத் தொடங்கினார்கள். 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கிய பிறகு, மாதந்தோறும் மாஸ்டடானைப் பயன்படுத்துவோர் சுமார் 3 லட்சத்திலிருந்து 25 லட்சமாக உயர்ந்துவிட்டதாக ரோச்கோ அறிவித்தார்.

இந்த முயற்சி வெல்ல வேண்டும் என்று விரும்புகிறவன் நான். ஒரு முதலாளி நினைத்த மாத்திரத்தில் விதிகள் மாறிவிடாத பொதுவெளி நமக்கு அவசியம். சிறிய தளங்களும் தனிமனிதர்களும் தலைநிமிர்ந்து நிற்கும் இணையத்தை மீட்டெடுப்பதாகச் சொல்லித்தான் இந்தக் கூட்டமைப்பு வளர்ந்தது. அதே கூட்டமைப்பு, தன்னை அறியாமலேயே சிறிய தளங்களை மூச்சுத்திணற வைக்கிறது என்பதை அதன் ஆதரவாளர்கள்தான் முதலில் உரக்கச் சொல்ல வேண்டும்.

ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறது?

ஆயிரம் வெவ்வேறு சர்வர்களில் பின்தொடர்பவர்களைக் கொண்ட ஒருவர், ஒரு கட்டுரையின் இணைப்பைப் பதிவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய சர்வர் அந்தப் பதிவை மற்ற ஆயிரம் சர்வர்களுக்கும் அனுப்பிவைக்கிறது. பதிவுதான் போகிறது, அட்டை போவதில்லை. பதிவைப் பெற்ற ஒவ்வொரு சர்வரும் அதில் இணைப்பு இருப்பதைக் கண்டு, தானே அந்தக் கட்டுரையின் தளத்துக்குப் போய்ப் பக்கத்தைக் கேட்கிறது. அதிலிருந்து படத்தின் முகவரியை அறிந்து, படத்தையும் கேட்கிறது. செய்த அட்டையை அந்த சர்வர் தன் பயனர்களுக்காக வைத்துக்கொள்ளும். பக்கத்து சர்வரிடம் ‘உன்னிடம் இருக்கிறதா?’ என்று கேட்காது. தன்னிடம் இருப்பதைக் கொடுக்கவும் செய்யாது. நிறையப் பேர் பின்தொடரும் இன்னொருவர் அதை மறுபகிர்வு செய்தால், இதுவரை பதிவு போய்ச் சேராத சர்வர்களுக்கும் அது போகிறது. அடுத்த அலை கிளம்புகிறது.

கட்டுரையை வெளியிட்டவர் வேர்ட்பிரஸ் நிறுவிய ஒரு சாதாரண ஹோஸ்டிங்கில் இருக்கிறார். பக்கத்தைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் நிரல் ஓடி, டேட்டாபேஸைப் பார்த்து, பக்கத்தைப் புதிதாக உருவாக்கித் தருகிறது. ஒரு பக்கத்துக்கு அரை நொடி ஆகிறது, சர்வருக்கு இரண்டு பிராசசர்கள் என்று கொண்டால், நொடிக்கு 4 பக்கங்களைத் தர முடியும். ஒரு நாளில் சில ஆயிரம் வாசகர்கள் வந்துபோகும் தளத்துக்கு இது தாராளம். இப்போது ஒரு நிமிடத்துக்குள் ஆயிரம் கோரிக்கைகள் வருகின்றன. அதாவது, நொடிக்கு 16 அல்லது 17. நிமிட முடிவில் 240 பேருக்குத்தான் பதில் போயிருக்கும். 760 கோரிக்கைகள் வரிசையில் நிற்கும். அந்த நேரத்தில் உண்மையிலேயே கட்டுரையைப் படிக்க வரும் மனிதர், மூன்று நிமிடங்களுக்கு மேல் அந்த வரிசையின் கடைசியில் காத்திருக்க வேண்டும். யாரும் காத்திருப்பதில்லை. அவருக்குத் திரையில் தெரிவது 504 என்ற பிழை எண்தான்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. நெட்ஸ்கேப் உலாவியை உருவாக்கிய தொடக்கக்கால நிரலாளர்களில் ஒருவரும், மொசில்லா திட்டத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவருமான ஜேமி ஜவின்ஸ்கி, 2022 நவம்பரில் தனக்கு நேர்வதைப் பொதுவெளியில் எழுதினார். தன் தளத்தின் புதிய பதிவு மாஸ்டடானுக்குப் போன உடனே ஆயிரத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு முகவரிகளிலிருந்து கோரிக்கைகள் வந்து குவிவதாகவும், டேட்டாபேஸ் பதில் சொல்வதையே நிறுத்திவிடுவதாகவும் அவர் குறிப்பிட்டார். இணையத்தின் அடிப்படைகளைக் கட்டியவர்களில் ஒருவருக்கே இந்தக் கதி.

லினக்ஸ் பயனர்கள் நன்கு அறிந்த ‘இட்ஸ் ஃபாஸ்’ தளம், 2024-இல் தன் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது: தயவுசெய்து எங்கள் இணைப்புகளை மாஸ்டடானில் பகிராதீர்கள். தளர்வற்ற கட்டற்ற மென்பொருள் ஆதரவாளர்கள் நடத்தும் தளம் அது. அதன் வாசகர்களில் பலர் மாஸ்டடான்காரர்கள். தன்னுடைய சொந்த மக்களிடமே ‘என்னைப் பற்றிப் பேசாதீர்கள்’ என்று ஒரு பதிப்பாளர் கெஞ்ச வேண்டிவந்தது என்பதை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை. எழுதுகிற எவரும் வாழ்நாள் முழுக்க எதிர்பார்ப்பது, தான் எழுதியதை நாலு பேர் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும் என்பதைத்தான்.

ஒரு கணினிப் பாதுகாப்புப் பொறியாளர் தன் தளத்தையே வைத்து இதை அளந்து பார்த்தார். ஏறத்தாழ 3 கிலோபைட் அளவுள்ள ஒரே பதிவு. ஐந்து நிமிடங்களுக்குள் அவர் தளத்திலிருந்து இறக்கப்பட்டது 114.7 மெகாபைட். போட்டதற்கும் இழுத்ததற்கும் உள்ள விகிதம் ஒன்றுக்கு 36,000-க்கும் அதிகம். மாதத்துக்கு இவ்வளவுதான் என்று அலைவரிசை அளந்து தரப்படும் மலிவு ஹோஸ்டிங்கில், பேர்போன ஒருவர் நல்லெண்ணத்தோடு பகிரும் சில பதிவுகளே ஒதுக்கீட்டில் பெரும் பகுதியைத் தின்றுவிடும்.

யாரும் படிக்க வராத கூட்டம்

இணையத்தில் திடீர் நெரிசல் புதிதல்ல. 1997-இல் ராப் மால்டா தொடங்கிய ‘ஸ்லாஷ்டாட்’ தளத்தில் ஓர் இணைப்பு வந்துவிட்டால், அந்தத் தளம் படுத்துவிடும் என்று அந்நாளில் எல்லோருக்கும் தெரியும். ‘ஸ்லாஷ்டாட் விளைவு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. ஆனால், அன்று வந்தவர்கள் வாசகர்கள். தளம் படுத்தாலும், ஊர் கூடி வந்ததால் படுத்தது என்ற நிறைவாவது அதை நடத்தியவருக்கு மிஞ்சியது. எழுந்த பிறகு அவர்களில் ஒரு பகுதியினர் தங்கிவிடுவதும் உண்டு.

இன்றைய முன்னோட்ட நெரிசலில் வருவது ஒரு மனிதர்கூட இல்லை. கடைவாசலை அடைத்துக்கொண்டு நின்று, விலையை மட்டும் குறித்துக்கொண்டு போய்விடும் கூட்டம் அது. அதைவிட வேதனை என்னவென்றால், குறித்துக்கொண்டு போன அட்டையைப் பல சர்வர்களில் யாருமே பார்க்கப்போவதில்லை. ஒரு சர்வரில் அந்த எழுத்தாளரைப் பின்தொடர்பவர் ஒரே ஒருவராக இருக்கலாம். அவர் அன்றைக்கு மாஸ்டடான் பக்கமே வராமல் இருக்கலாம். ஆனாலும், அவருடைய சர்வர் கடமை தவறாமல் போய்ப் பக்கத்தையும் படத்தையும் இறக்கி வைத்துவிடும்.

அடி ஒரு பக்கம் மட்டும் விழுவதில்லை. மாஸ்டடான் சர்வர்களை நடத்துபவர்களில் பெரும்பாலோர் கைக்காசு போட்டோ, நன்கொடை வாங்கியோ நடத்தும் தன்னார்வலர்கள். ஒரே படத்தின் ஆயிரம் பிரதிகள் அவர்களுடைய ஆயிரம் வட்டுகளில் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கின்றன. பழைய முன்னோட்டப் படங்களைத் துடைத்தெறிவதற்கென்றே மாஸ்டடான் நிர்வாகிகளுக்கு ஒரு தனிக் கட்டளை தரப்பட்டிருக்கிறது. ஆக, தளம் நடத்தும் ஏழையும் சர்வர் நடத்தும் ஏழையும் ஒரே வடிவமைப்புக் குறையின் இரண்டு முனைகளில் நிற்கிறார்கள்.

இதை முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை என்று சொல்லிவிட முடியாது. மாஸ்டடான் பிறந்த மறு ஆண்டே, 2017-இல், இந்த முன்னோட்ட வசதியைத் தளங்களை முடக்கும் தாக்குதல் கருவியாகப் பயன்படுத்த முடியும் என்ற எச்சரிக்கை அதன் மென்பொருள் களஞ்சியத்திலேயே பதிவானது. அதற்கு ஒரு மருந்தும் இடப்பட்டது. பதிவைப் பெறும் சர்வர், இணைப்பை உடனே நாடாமல் ஒரு நிமிடத்துக்குள் ஏதோ ஒரு நொடியில் போகும்படி நிரல் மாற்றப்பட்டது. தளத்தைத் திணறடிக்காமல் இருக்கக் கோரிக்கைகளைப் பரப்பிவிடுகிறோம் என்ற குறிப்பு அந்த நிரலின் வரியோரத்திலேயே இருக்கிறது. எழுதியவர்களின் அக்கறை அந்த வரியில் தெரிகிறது. ஆனால், சில நூறு சர்வர்கள் இருக்கும் உலகத்துக்குத்தான் ஒரு நிமிட இடைவெளி போதும். 2024 முதல் மெட்டா நிறுவனத்தின் த்ரெட்ஸ் பயனர்களும் விரும்பினால் தங்கள் பதிவுகளை இந்தக் கூட்டமைப்புக்கு அனுப்பலாம் என்றாகிவிட்டது. கூட்டம் பெருகப் பெருக, அந்த ஒரு நிமிடம் சுருங்கிக்கொண்டே போகிறது.

நம்பிக்கை என்ற காரணம்

பதிவோடு அட்டையையும் சேர்த்து அனுப்பிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே, ஏன் செய்யவில்லை? மாஸ்டடான் தரப்பின் பதில் ஒரே சொல்லில் அடங்கும்: நம்பிக்கை. ஒரு சர்வர் தன் பயனர் என்ன சொன்னார் என்பதற்கு உத்தரவாதம் தரலாம். மூன்றாவது நபரான ஒரு செய்தித்தாளின் தலைப்பு இதுதான் என்பதற்கு அது எப்படி உத்தரவாதம் தரும்? கெட்ட எண்ணம் கொண்ட சர்வர், பிரபலமான செய்தித் தளத்தின் இணைப்பில் பொய்த் தலைப்பை ஒட்டி அனுப்பினால், ஆயிரம் சர்வர்களில் அது அந்த நாளிதழின் பெயரோடு தோன்றும். 2017-இல் ஃபேஸ்புக்கில் பக்கங்களை நடத்துவோர், பகிரும் இணைப்பின் தலைப்பையும் படத்தையும் இஷ்டத்துக்கு மாற்றும் வசதி பறிக்கப்பட்டதும் இதே அச்சத்தால்தான். பொய்ச் செய்தியால் உயிர்களையே இழந்த நாட்டில் வாழும் நாம் இந்தக் கவலையை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

வாசகரின் கைபேசியே நேரடியாகப் போய் அட்டையைச் செய்யட்டும் என்றால், யார் எங்கிருந்து பார்க்கிறார் என்ற விவரம் அந்தத் தளத்துக்குத் தெரிந்துவிடும். சர்வர் இடையில் நின்று எடுப்பது வாசகரின் அந்தரங்கத்தைக் காக்கிறது. இதுவும் நியாயமான காரணமே.

இருந்தாலும், இந்த வாதம் முழுமையாகத் தேறவில்லை. ஒவ்வொரு சர்வரும் தானே போய் எடுப்பதால் உண்மை உறுதிப்படுகிறது என்பது பாதிதான் சரி. கோரிக்கை அனுப்பும்போது மாஸ்டடான் சர்வர் தன்னை யார் என்று சொல்லிக்கொண்டுதான் போகிறது. ஏமாற்ற நினைக்கும் தளம், மாஸ்டடான் கேட்டால் ஒரு தலைப்பையும் மனிதர் கேட்டால் வேறு பக்கத்தையும் கொடுக்க முடியும். ஆயிரம் முறை போய்க் கேட்டாலும் ஆயிரம் முறையும் அதே பொய்தான் கிடைக்கும். தவிர, பொய்யை எழுதிப் படத்தையும் சேர்த்துப் பதிவிடுவதை இன்றைய ஏற்பாடு எந்த வகையிலும் தடுக்கவில்லை. போலி அட்டை அனுப்பும் சர்வர் எது என்பது பதிவிலேயே தெரியும். அதன் உறவைத் துண்டிக்கும் உரிமை ஒவ்வொரு நிர்வாகிக்கும் இருக்கிறது. வெறுப்புப் பேச்சைப் பரப்பும் சர்வர்களை இந்தக் கூட்டமைப்பு இப்படித்தான் ஒதுக்கிவைக்கிறது.

மாற்று வழிகள் நடைமுறையில் இருக்கவே செய்கின்றன. புளூஸ்கை என்ற சமூக வலைத்தளத்தில், பதிவிடுபவரின் செயலியே அட்டையைத் தயாரித்துப் பதிவுக்குள் வைத்துவிடுகிறது. எத்தனை லட்சம் பேர் பார்த்தாலும் அட்டைக்காகத் தளத்துக்குச் சுமை கூடுவதில்லை. பொய் அட்டைக்கு அங்கே வாய்ப்பு உண்டுதான். ஜப்பானில் பிறந்து, ஆக்டிவிட்டிபப் வழியாக மாஸ்டடானோடு பேசும் மிஸ்கீ மென்பொருளோ, பயனர் அந்தப் பதிவைத் தன் திரையில் பார்க்கும்போதுதான் முன்னோட்டத்தைத் தேடிப் போகிறது. பார்க்க ஆள் இல்லாத இடத்தில் வேலையும் இல்லை.

இந்த இரண்டையும் இணைக்கலாம் என்பதே என் கருத்து. பதிவிடும் சர்வர் ஒருமுறை எடுத்து அட்டையைப் பதிவோடு அனுப்பட்டும். பெறும் சர்வர் அதைக் காட்டட்டும். சரிபார்ப்பை, தன் பயனர் ஒருவர் அந்தப் பதிவை உண்மையில் பார்த்த பிறகு, சில மணி நேரத்துக்குள் சாவகாசமாகச் செய்யட்டும். அட்டையில் சொன்னதும் பக்கத்தில் இருப்பதும் வேறாக இருந்தால் அட்டையை நீக்கிவிட்டு, அனுப்பிய சர்வரின் பெயரை நிர்வாகிக்குச் சொல்லட்டும். ஒரு நிமிடத்தில் வந்து மோதும் ஆயிரம் கோரிக்கைகள், ஒரு நாளில் பரவி வரும் சில நூறு கோரிக்கைகளாகக் குறையும். அதை எந்த ஹோஸ்டிங்கும் தாங்கும்.

கிளவுட்ஃப்ளேர் போட்டால் போதுமா?

இந்தப் பேச்சை எடுத்தாலே பலர் சொல்லும் பதில்: ‘தளத்தைச் சரியாக அமைக்கத் தெரியாதது உங்கள் தவறு. பக்கங்களைச் சேமித்துத் தரும் கேச் வைத்துக்கொள்ளுங்கள், தளத்துக்கும் வாசகருக்கும் இடையில் நின்று பிரதிகளைத் தரும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்துக்குப் பின்னால் போய்விடுங்கள்.’ கேச் வைக்கத்தான் வேண்டும். வேர்ட்பிரஸ் நடத்துபவர்கள் பக்கங்களைச் சேமித்துத் தரும் செருகுநிரல் ஒன்றைப் போட்டுக்கொள்வதும், முன்னோட்டப் படத்தை மெகாபைட் கணக்கில் வைக்காமல் சுருக்கிவைப்பதும் இன்றே செய்யக்கூடியவை.

ஆனால், ‘இட்ஸ் ஃபாஸ்’ தளம் கிளவுட்ஃப்ளேரைப் பயன்படுத்திக்கொண்டிருந்தபோதுதான் திணறியது. கிளவுட்ஃப்ளேரின் இயல்பான அமைப்பு, படங்களையும் அதுபோன்ற கோப்புகளையும்தான் சேமித்துத் தரும், பக்கத்தை அல்ல. அதற்குத் தனியாக விதி எழுத வேண்டும். எழுதினாலும், திருத்தம் செய்த கட்டுரையின் பழைய வடிவத்தையே வாசகர் பார்ப்பது போன்ற தொல்லைகள் பின்தொடரும். கவிதை இதழோ, உள்ளூர் வரலாற்றுத் தளமோ நடத்தும் ஒருவர் இதையெல்லாம் கற்றுத் தேர்ந்த பிறகுதான் இணையத்தில் இருக்கலாம் என்பது என்ன நியாயம்?

இன்னொரு பெரிய கேள்வியும் இருக்கிறது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேரில் ஏற்பட்ட கோளாறால் எக்ஸ், சாட்ஜிபிடி உள்பட உலகெங்கும் எண்ணற்ற தளங்கள் சில மணி நேரம் முடங்கின. பெருநிறுவனங்களின் பிடியிலிருந்து விடுபடுவதற்காகத் தொடங்கிய ஒரு வலையமைப்பு, தன் வேகத்தைச் சிறு தளங்கள் தாங்க வேண்டுமென்றால் இன்னொரு பெருநிறுவனத்தின் நிழலுக்குள் ஒதுங்கச் சொல்கிறது. பரவலாக்கம் பேசுகிறவர்கள் இந்தப் பதிலைக் கூச்சமில்லாமல் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

தளங்களை ஓயாமல் இறக்கிச் செல்லும் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் துழாவிகள் செய்யும் அட்டூழியத்தோடு ஒப்பிட்டால் இது சின்ன விஷயம் என்போரும் உண்டு. அந்த அட்டூழியம் உண்மைதான். தனக்கு அதிகச் செலவு வைக்கும் வருகையில் 65% தானியங்கிகளுடையது என்று விக்கிமீடியா அறக்கட்டளை 2025 ஏப்ரலில் தெரிவித்தது. ஏற்கெனவே அந்தச் சுமையில் தள்ளாடும் சிறு தளத்தின் மீது நண்பர்களும் சேர்ந்து ஏறி உட்காரக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை. துழாவி அனுப்பும் நிறுவனத்திடம் நாம் கெஞ்சினாலும் அது கேட்காது. மாஸ்டடானை எழுதுபவர்கள் கேட்பார்கள்; அவர்களுடைய நிரல் நம் எல்லோர் கண்முன்னும் திறந்து கிடக்கிறது.

2025-இல் மாஸ்டடான் இலாப நோக்கற்ற அமைப்பின் கைக்கு மாறும் பணி தொடங்கியது. நவம்பரில் ரோச்கோ தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். புதிய தலைமையிடம் வைக்கக் கோரிக்கைகள் பல இருக்கலாம். முன்னோட்ட அட்டை விஷயத்தில் மூன்றைச் செய்தாலே போதும். அட்டையைப் பதிவோடு அனுப்பும் முறையை ஆக்டிவிட்டிபப் பேசும் எல்லா மென்பொருள்களும் பின்பற்றும்படி மற்றவர்களோடு கலந்து ஒரு பொது ஏற்பாடாக வகுக்க வேண்டும். அதுவரை, பயனர் பார்க்கும்போது மட்டுமே எடுப்பதை இயல்பான அமைப்பாக்க வேண்டும். ‘இப்போது முடியாது, பிறகு வா’ என்று 429 அல்லது 503 எண்ணோடு ஒரு தளம் பதில் தந்தால், அந்த இணைப்பை அன்று முழுவதும் நாடாமல், அட்டை இல்லாத வெறும் முகவரியாகவே காட்ட வேண்டும். படமும் சுருக்கமும் இல்லாவிட்டாலும் வாசகர் முகவரியைத் தொட்டுக் கட்டுரைக்குப் போகலாம். அவர் போகும்போது அந்தத் தளம் திறந்திருக்கும்.